கோஷம் மேடமும் கம்மங்கூழும்

உலகத்தின் எந்த மூலையில் யார் கொடி பிடித்தாலும், முதலில் தொண்டை கட்டுவது எங்கள் கோஷம் மேடத்துக்குத்தான். திருச்செங்கோட்டுப் பக்கம் நான் படித்த கல்லூரியில் சமூக மாற்றம் பற்றிப் பாடம் எடுத்தவர். பெற்றோர் வைத்த பெயரை பிரின்சிபாலே மறந்துவிட்டார்.

நோட்ஸ் எல்லாம் கிடையாது. ஏதோ ஒரு நாட்டில் உட்கார்ந்து போராடினார்கள் என்றால் வகுப்பே தரையில் உட்கார வேண்டும். மௌன ஊர்வலம் என்றால் கேண்டீன் வரை வாய் திறக்காமல் நடக்க வேண்டும். யாரோ போய்ச் சேர்ந்துவிட்டதாக நினைத்து கேண்டீன்காரர் கடையைச் சாத்திவிட்டார்.

எனக்கோ ஒரே கவலை, டவுன் பஸ். சாயங்காலம் கல்லூரி வாசலில் நிற்காமல் பறந்துவிடும். அடுத்த பஸ்ஸில் போனால் இருட்டிவிடும். "இன்னொருக்கா இருட்டுல ஊடு வந்தீன்னா காலேஜே வேண்டாம்" என்று அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார். மேடத்திடம் போய் அழுதேன்.

"அழுதா பஸ்ஸு நிக்குமா சாமி? தென் அமெரிக்காவுல பொம்பளைங்க பாத்திரத்தத் தட்டியே கவர்மெண்ட ஆட்டியிருக்காங்க. நாளைக்கு ஆளுக்கொரு போசி கொண்டாங்க!"

மறுநாள் சாலையோரம் போசியும் கரண்டியுமாக வரிசையில் நின்றோம். மேடம் விசில் ஊதியதும் தட்ட வேண்டும். அவரோ விசிலைக் கையில் வைத்துக்கொண்டு தென் அமெரிக்காவிலிருந்து இறங்குவதாக இல்லை. அதற்குள் பஸ் வந்து, தானாகவே நின்றது.

டிரைவர் காலி டிபன் பாக்ஸோடு குதித்தார். பின்னால் கண்டக்டர், பாட்டில் தண்ணீரைக் கீழே கொட்டியபடி. அவருக்கும் பின்னால் பாதி பஸ்.

"ஏனுங்க, கம்மங்கூழா, ராகிக்கூழா?"

அன்று ஆடி வெள்ளி. மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் மாதத்தில் போசியோடு வரிசை நின்றால் எங்கள் பக்கத்தில் வேறென்ன நினைப்பார்கள்?

மேடம் விசிலை முந்தானைக்குள் மறைத்தார். "கம்மங்கூழுங்க. ஆனா அடுத்த வெள்ளிதானுங்க. இன்னிக்கு இந்தப் புள்ளைங்கள மட்டும் ஏத்திக்கோங்க."

கூழ் ஆசையில் அந்த வாரம் முழுக்க பஸ் நின்றது. வெள்ளியன்று மேடம் நிஜமாகவே அண்டா நிறையக் காய்ச்சி, மோரும் சின்ன வெங்காயமும் போட்டு ஊற்றினார். டிரைவர் இரண்டாவது தம்ளருக்குக் கை நீட்டியபோது மேடம் என்னை முன்னால் தள்ளினார்.

"இந்தப் புள்ள படிப்பு உங்க பிரேக்குலதானுங்க இருக்குது."

விஷயத்தைக் கேட்ட டிரைவருக்கு முகம் வாடிவிட்டது. "முன்னயே சொல்லியிருக்கலாமில்லீங்க மேடம்?"

"சொல்றதுக்கு நீங்க நிக்கோணுமில்லீங்க!"

அதன்பிறகு பஸ் தினமும் நின்றது. உலகப் போராட்ட முறைகளில் கூழ் ஊற்றுவதையும் சேர்த்து மேடம் பாடம் நடத்தினார். நானும் படித்து முடித்தேன்.

மேடத்துக்குச் சொந்தமாக ஸ்கூட்டர் இருந்தது. அந்த பஸ்ஸில் அவர் ஒருநாளும் ஏறியதில்லை. ஆனாலும் தினமும் கடைசிப் பெண் படியேறும் வரை வாசலிலேயே நிற்பார். அத்தனை பிரியமாக என்னை வழியனுப்பியவர் வேறு யாரும் இல்லை.