ஏழு நாற்பது பஸ்ஸுக்கு ஒரு கண்ணாடி

"மூணாவது வரியப் படிங்க," என்றார் கண்ணாடிக் கடைக்காரர்.

"எதுல?" என்றார் பஸ் டிரைவர்.

"சுவத்துல தொங்குற எழுத்து அட்டைல."

டிரைவர் கண்ணை இடுக்கிப் பார்த்தார். "அட்டையா அது? ஜன்னல்னு நினைச்சேன்."

கடைக்காரர் கையிலிருந்த குச்சியைக் கீழே வைத்தார். பதினொரு வருஷமாக, மலைமேல் இருக்கும் வீட்டிலிருந்து கடைக்கு அவரும் மனைவியும் இறங்கி வருவது இந்த மனிதர் ஓட்டும் ஏழு நாற்பது பஸ்ஸில்தான். பதினேழு வளைவு. ஒவ்வொன்றின் ஓரத்திலும் கிடுகிடு பள்ளம். வேறு பஸ்ஸும் கிடையாது.

திட்டம் மனைவியுடையது. "நாலு கண்ணாடி வித்தா அஞ்சாவது ஒரு டிரைவருக்கு இலவசம்னு போர்டு வைங்க. வியாபாரமும் நடக்கும், ஊருக்கு நல்லதும் நடக்கும்." வியாபாரம் நடந்தது. ஒரே மாதத்தில் விற்பனை இரண்டு மடங்கு. ஆனால் பரிசோதனைக்குத் துணிந்து வந்த முதல் டிரைவர் இவர்தான்.

"ஓனர்கிட்ட சொல்லிடாதீங்கண்ணே. வேலை போயிடும். ரெண்டு பொண்ணு படிக்குது."

"சொல்ல மாட்டேன்," என்றார் கடைக்காரர்.

"சொல்லவும் கூடாது," என்றாள் மனைவி, டிரைவர் போனதும். "சொன்னா அப்புறம் எந்த டிரைவர் நம்ம கடைப் படியேறுவான்?"

அன்றே கண்ணாடி தயாரானது. மறுநாள் காலை டிரைவர் அதை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தார். முதல் வளைவில் பஸ் குலுங்கி நின்றது. டிரைவர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"அண்ணே," என்றார், பின்னாலிருந்த கடைக்காரரிடம் மெதுவாக. "இந்தப் பக்கம் இவ்வளவு பள்ளம் இருக்குன்னு யாருமே எங்கிட்ட சொல்லலையே."

அதன்பின் பஸ் நத்தையாக ஊர்ந்தது. எல்லாருக்கும் வேலைக்கு நேரமாகிவிட்டது. பயணிகள் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள்.

தைரியம் சொல்லலாமென்று மறுநாள் கடைக்காரர் முன் சீட்டில் உட்கார்ந்தார். அது இன்னும் மோசம். டிரைவர் முழுதாகத் திரும்பி உட்கார்ந்து பேசினார்.

"ரோட்டப் பாருங்க சாமி."

"பார்த்தாத்தான் பயமா இருக்கு."

மூன்றாம் நாள் டிரைவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். "இப்பதாண்ணே நிம்மதி." பஸ் பறந்தது. பயணிகள் கை தட்டினார்கள். மனைவியின் நகங்கள் கடைக்காரரின் மணிக்கட்டில் நான்கு பிறைகளைப் பதித்தன.

"ஏதாவது பண்ணுங்க," என்றாள், இறங்கும்போது.

கடைக்காரர் நேரே பஸ் ஓனரிடம் போனார். வாக்கை மீறாமல் பேச வேண்டியிருந்ததால் அவருக்கு வேர்த்து ஊற்றியது. "அந்த டிரைவருக்கு மலை ஒத்துக்கலைங்க. தலை சுத்துதாம். சம்பளம் குறைக்காம டவுனுக்குள்ள ஓடுற வண்டில போட்டா புண்ணியமாப் போகும்."

ஓனர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "சம்பாதிக்கிற இடத்துலயே நாலு பேருக்கு நல்லது பண்ற மனுஷன் நீங்க. நீங்க கேட்டு இல்லைம்பேனா?"

திங்கட்கிழமை புது டிரைவர் வந்தார். மடிப்புக் கலையாத சட்டை, நிமிர்ந்த முதுகு. எந்த வளைவுக்கும் தயங்கவில்லை. கடைக்காரர் பிடித்திருந்த கம்பியை முதல் முறையாக விட்டார். மனைவி அவர் தோளில் சாய்ந்து கண்ணை மூடினாள்.

நாலாவது வளைவில் கண்டக்டர் டிக்கெட் கிழிக்க வந்தார். முகம் பேயறைந்தாற்போல் இருந்தது.

"பழைய அண்ணனை எந்தப் புண்ணியவான் மாத்தவெச்சான்னு தெரியலீங்க," என்று அவர்கள் காதருகே குனிந்தார். "எங்க டிரைவருங்க அஞ்சு பேர்ல கொஞ்சமாவது கண்ணு தெரியுறது அவருக்குத்தான்னுதானே, ஓனர் அவரை மலைல போட்டிருந்தாரு."