கெண்டை பிடித்த கதை

நான் அசடு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாதி அசடுதான். மீதிப் பாதிக்குத் தமிழ் மொழிதான் பொறுப்பு. ஆற்றில் நீந்துகிற மீனும் கெண்டை, முழங்காலுக்குக் கீழே இருக்கிற சதையும் கெண்டை. இவ்வளவு பெரிய மொழியில் இன்னொரு சொல்லுக்கா பஞ்சம்? அறுபது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், ஒருவரும் பதில் சொன்னதில்லை. (சிரிக்க மட்டும் செய்கிறார்கள்.)

அறுபதுகளின் தொடக்கம். பாளையங்கோட்டையில் விலங்கியல் பி.எஸ்ஸி. முடித்துவிட்டுத் தென்காசியில் வீட்டோடு இருந்தேன். மேற்படிப்புக்குச் சென்னை போக வேண்டும் என்பது என் ஆசை. சுரண்டையில் வெங்காய மண்டி வைத்திருக்கும் குடும்பத்துக்கு என்னை மருமகளாக அனுப்ப வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. இரண்டு மாதம் அழுது, சாப்பிடாமல் கிடந்து, கடைசியில் ஒரு நிபந்தனையை வாங்கினேன். சென்னைப் பேராசிரியர் நேரில், தன் வாயால், இவள் படிக்கத் தகுந்தவள் என்று சொன்னால் அனுப்புவார். இல்லையென்றால் வெங்காயம்.

பேராசிரியரிடம் காட்ட என் கையில் ஒரே ஒரு சொத்து இருந்தது. வீட்டுப் பின்கட்டில் ஒரு தொட்டியில் விரால் குஞ்சுகளை முட்டையிலிருந்து வளர்த்திருந்தேன். தினம் ஒன்றை எடுத்து, சவர பிளேடால் கீறி, பூதக்கண்ணாடி வைத்துத் தாடையைப் படமாக வரைவேன். பொரிந்த புதிதில் குஞ்சுக்கு வாயே திறக்காது. தாடையை மூடுகிற சதை அப்போது ஒரே பாளமாக இருக்கும். நாளாக நாளாக அது கட்டுக்கட்டாகப் பிரியும். கடித்துத் தின்கிற மீனுக்கு ஒரு கட்டு பெருத்துவிடும், உறிஞ்சித் தின்கிற மீனுக்கு வேறொரு கட்டு. எத்தனையோ யுகமாக மீன்கள் என்ன தின்றனவோ அதற்கேற்றபடி அந்தச் சதையும் மாறி வந்திருக்கிறது. இதைச் சொன்னால் எனக்கு இன்றும் மயிர்க்கூச்செறியும். அப்பாவுக்கு எறியவில்லை. "மீன் எப்படி வாய மூடுதுன்னு படிச்சது போதும், நீ எப்ப மூடப்போற?" என்று கேட்டார்.

படங்களைப் பற்றிப் பேராசிரியருக்கு எழுதினேன். சாரல் காலத்தில் குற்றாலம் வருவதாகவும், வந்து பார்க்கும்படியும் பதில் அட்டை வந்தது. கூடவே ஒரு கேள்வி: விரால் சரி, வேறு ஏதாவது மீனோடு ஒப்பிட்டாயா?

ஒப்பிடவில்லை. அந்தக் கேள்வி என்னைப் பாடாய்ப் படுத்தியது. சொன்ன நாளில் அப்பாவும் நானும் குற்றாலம் போய்ச் சித்தி வீட்டில் இறங்கினோம். அப்பா முன்னால் போய்ப் பேசிக்கொண்டிருப்பது, ஆள் வந்து கூப்பிட்டதும் நான் போவது என்று ஏற்பாடு. பேராசிரியர் தங்கியிருந்த பங்களா நாலு வீடு தள்ளித்தான்.

பத்து மணிக்கு ஆள் வந்தது. அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிற சுடலை அண்ணாச்சி. வாசலில் நின்றபடியே, "சாருக்குக் கெண்டை புடிச்சிருக்கு. எண்ணெ கொண்டாரச் சொன்னாவ" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

நீங்களே நியாயம் சொல்லுங்கள். அட்டையில் வேறு மீன் கேட்ட மனிதர். 'சாருக்கு' என்றால் சாருக்காக. சிற்றாற்றில் யாரோ அவருக்காகக் கெண்டை பிடித்திருக்கிறார்கள். என்னைச் சோதிக்கப் போகிறார். தலை எனக்கு, உடம்பு வறுவலுக்கு. இல்லாவிட்டால் எண்ணெய் எதற்கு? விராலுக்குத் தாடை நிறையப் பல், கெண்டைக்குத் தாடையில் பல்லே கிடையாது, தொண்டையில்தான். ஒப்பிட இதைவிட நல்ல ஜோடி கிடைக்காது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

சித்தி மட்டும், "ஏட்டி, அவ்வொ சைவம்னு உங்கப்பா சொன்னாரே" என்றாள். மீனையே படித்தவர் மீன் சாப்பிடாமலா இருப்பார் என்று அவள் வாயை அடைத்தேன். பங்களாவில் அம்மி இருக்குமோ இருக்காதோ என்ற முன்யோசனையில், சித்தி அரைத்து வைத்திருந்த மிளகாய் விழுதை ஒரு கை அள்ளி நல்லெண்ணெயில் போட்டு, உப்பும் மஞ்சளும் சேர்த்துக் கலக்கி, தூக்குச்சட்டியில் எடுத்து, படக்கட்டையும் இடுக்கிக்கொண்டு போனேன். (முன்யோசனையாம்.)

பங்களாவின் பின்வாசலில் சுடலை அண்ணாச்சி சட்டியை வாங்கிக்கொண்டார். கெண்டை பெரிதா என்று கேட்டேன்.

"பெருசுதான். உருண்டு கெடக்கு. இன்னும் துடிக்கி."

உயிர்மீன். எனக்குப் புல்லரித்தது. "அண்ணாச்சி, தலையில மட்டும் கை வச்சிராதீய" என்றேன்.

"தலைக்கு இன்னைக்கு வேண்டாம்னுட்டாவ" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

இப்போதுகூட ஆத்திரம் வருகிறது. நான் கேட்டதில் ஒரு சொல் தப்பா? அவர் சொன்னதில் ஒரு சொல் தப்பா? எண்ணெய் சிவப்பாக இருந்ததே, அதைப் பார்த்துச் சந்தேகப்பட்டிருக்க வேண்டாமா? குற்றாலத்தில் சிவப்பு, பச்சை, கறுப்பு என்று எத்தனையோ மூலிகைத் தைலம் விற்கிறார்கள். படித்த பிள்ளை ஏதோ உயர்ந்த தைலம் காய்ச்சிக் கொண்டுவந்திருக்கிறது என்று நினைத்தாராம்.

காலையில் அருவியில் நின்ற குளிரில் பேராசிரியருக்கு இடது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது, அசைய முடியாமல் பெஞ்சில் படுத்திருந்தார், சுடலை அண்ணாச்சியின் எண்ணெய்க் குப்பியும் காலி என்பதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்?

முதலில் ஒரு அலறல் கேட்டது. அடுத்து, இடுப்பில் துண்டோடு ஒரு பெரிய மனிதர் என்னைத் தாண்டி ஓடிக் கிணற்றடி வாளிக்குள் காலை விட்டார். பின்னால் அப்பா, அவருக்குப் பின்னால் சுடலை அண்ணாச்சி. இரும்புக்கடை வைத்துத் தென்காசியில் பாதிப் பேருக்கு ஆணியும் அரிவாளும் விற்ற மனிதர் என் அப்பா. அன்று எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கிணற்றுக்குள் பார்த்துக்கொண்டு நின்றார்.

பேராசிரியர் பல்லைக் கடித்தார். காதுக்கு முன்னால் தாடைச்சதை உருண்டு எழும்பியது. (நம்முடைய அந்தச் சதையும் மீன் வழி வந்ததுதான். அதையா அப்போது நினைப்பது என்று கேட்காதீர்கள், நினைத்தேன்.) எதைப் பூசினாய் என்று கேட்டார். மீன் வறுவல் மசாலா என்றேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். என் வாய் கேட்கவில்லை. "சார், தசைப்பிடிப்புன்னு சொல்லி அனுப்பியிருந்தா நான் ஏன் மிளகா கொண்டுவாறேன்? இப்ப ஓடுனீங்களே, கெண்டை விட்டுட்டா இல்லியா?" என்றேன்.

அவர் வாளியிலிருந்து காலைத் தூக்கி, பாதத்தை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தார். விட்டிருந்தது.

தலையில் கை வைக்கக் கூடாது என்று நான் சொன்னதைச் சுடலை அண்ணாச்சி போட்டுக்கொடுத்தார். கெண்டைத் தலையை வைத்துக்கொண்டு என்ன செய்வதாக இருந்தாய் என்று பேராசிரியர் கேட்டார். சொன்னேன். பல் இல்லாத தாடைக்கு மூடுகிற சதை எவ்வளவு வேண்டும், விராலுக்கு எவ்வளவு என்று அளக்க நினைத்ததைச் சொன்னேன். அழுகை வந்தது, அழுதுகொண்டே சொன்னேன். அவர் காலை மறுபடி வாளிக்குள் விட்டுக்கொண்டு, படங்களைக் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு அப்பாவிடம், "இவளை அனுப்புங்க" என்றார்.

கையோடு சிபாரிசுக் கடிதமும் எழுதிக் கொடுத்தார். ஆங்கிலத்தில் இருந்த அந்தக் கடிதத்தின் சாரம் இதுதான்: இந்தப் பெண் மீன்களின் தசையை நன்றாக அறிந்தவள். மனிதர்களின் தசைக்குப் பக்கத்தில் மட்டும் இவளை விட வேண்டாம்.

திரும்பும்போது பஸ் இலஞ்சியைத் தாண்டியது. அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டார், "எண்ணெ பொரிக்கவா, தேய்க்கவான்னு ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதாட்டி?"

சென்னையில் படித்தேன், வேலை பார்த்தேன், மீன் தாடையைப் பற்றி வருஷக்கணக்காகப் பாடம் நடத்தி ஓய்வும் பெற்றுவிட்டேன். போன மாதம் கூடத்தில் நடந்துகொண்டிருந்தபோது எனக்கே வலது காலில் பிடித்துக்கொண்டது. தசைப்பிடிப்பு என்று தெளிவாகச் சொல்ல வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். வலியில் வந்தது வேறு.

"ஏட்டி, கெண்டை புடிச்சிட்டு. எண்ணெ கொண்டா."

அடுக்களையிலிருந்து என் மகள், திரும்பிக்கூடப் பார்க்காமல், "பொரிக்கவா, தேய்க்கவா?" என்றாள்.