லேப்டாப்பை மாற்றியே தீருவேன், மாப்பிள்ளை

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். அங்கே நீங்களும் என் மகளும் பேரனும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இரண்டு வீட்டுக்கும் நடுவில் சௌக்கியமில்லாதது ஒன்றே ஒன்றுதான். அது என் மரப்பட்டறையில், நான் கதவும் அலமாரியும் வரைகிற மேஜைமேல் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறது. போனில் சொல்லலாம்தான். ஆனால் ‘லேப்டாப்’ என்று வாயெடுத்ததுமே என் மகள் போனைப் பிடுங்கிச் சிரிக்க ஆரம்பித்துவிடுகிறாள், விஷயம் உங்களிடம் வந்து சேருவதில்லை. அதனால் கடிதம். முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன்: லேப்டாப்பை மாற்றப் போகிறேன். இந்த மாதமே. யார் தடுத்தாலும் மாற்றுவேன், நானே தடுத்தாலும் மாற்றுவேன்.

போன தடவை வந்தபோது நீங்கள் அடையாளம் சொல்லிவிட்டுப் போனீர்கள். திறக்க நேரமானால் மாற்றுங்கள், வயரைப் பிடுங்கியதும் அணைந்தால் மாற்றுங்கள், ரிப்பேர் செலவு புதுசின் விலையில் பாதியைத் தொட்டால் யோசிக்கவே வேண்டாம் என்று. நான் தலையாட்டினேன். தலை ஆடியதே தவிர உள்ளே ஒன்றும் இறங்கவில்லை. ஏனென்றால் என் சட்டம் வேறு. அதுவாக உயிரை விடும்வரை நாமாகக் கைவிடக் கூடாது. அதுவோ உயிரையும் விடாமல் வேலையையும் செய்யாமல், ஊருக்குக் கிளம்புகிறேன் கிளம்புகிறேன் என்று சொல்லிக்கொண்டே தங்கிவிட்ட விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருக்கிறது (உங்கள் வீட்டாரைச் சொல்லவில்லை). காலையில் பட்டனை அழுத்திவிட்டு, ஷட்டரைத் தூக்கி, மரத்தூளைக் கூட்டி, எதிர்க் கடையில் டீ குடித்து, உலக நடப்பெல்லாம் பேசி முடித்து வந்தால் அப்போதுதான் கண் விழிக்கும். வயர் துளி அசைந்தால் போச்சு, அதனால் பட்டறையில் எல்லோரும் அந்த வயரைத் தூங்குகிற குழந்தையைத் தாண்டுவது போலத் தாண்டுகிறோம். உள்ளே இருக்கும் விசிறி போடுகிற சத்தத்தில், வந்தவர்கள் அறுவை மெஷின் ஓடுவதாக நினைத்துக் கத்திப் பேசுகிறார்கள். எட்டாம் நம்பர் பட்டன் கழன்று எங்கோ மரத்தூளில் போய்விட்டது. கொஞ்ச நாள் எட்டடி அலமாரி கேட்டவர்களை எல்லாம் ஏழரை அடிதான் அழகு என்று பேசிச் சமாளித்தேன். ஒருவர் ஏழரை மட்டும் வேண்டவே வேண்டாம் என்று எழுந்து போய்விட்டார்.

உங்கள் அத்தை சும்மா இருப்பாளா? “எனக்கு முதுகு வலின்னா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டீங்க, அதுக்கு லேசா சூடாச்சுன்னா அட்டையை எடுத்து விசிறி விடுறீங்க” என்கிறாள். உண்மைதான். ரிப்பேர் கடைத் தம்பியிடம் கொண்டுபோனேன். திறந்து பார்த்தான், மெதுவாக மூடினான், என் தோளில் கையை வைத்தான். “அண்ணே, இதுக்குப் பார்ட்ஸ் வர்றதே இல்ல. இருக்கிற வரைக்கும் நல்லபடியா பார்த்துக்குங்க” என்றான். வீட்டுக்கு வந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அப்படியும் ஏன் மாற்றவில்லை என்று கேட்பீர்கள். உங்களிடம் மட்டும் சொல்கிறேன், மகளிடம் சொல்ல வேண்டாம். பயம். நான் தட்டுத்தடுமாறிப் பள்ளிக்கூடத்தைத் தாண்டியவன். இதில் எதை அமுக்கினால் எது வரும் என்று என் விரலுக்குத் தெரியும், எனக்கே தெரியாது. புதுசு வந்தால் ஒரு கதவு வரைவதற்குக்கூட உங்கள் வீட்டுக்குப் போன் போட்டு, உங்கள் பிள்ளை என்னை “தாத்தா, இதுகூடத் தெரியாதா” என்று கேட்கும் நிலைமை வரும்.

ஆனால் இந்த வாரம் நடந்ததற்கு அப்புறம் பயமாவது ஒன்றாவது. போன மாதம் திரையின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கருப்புக் கோடு விழுந்தது, விரல் அகலத்துக்கு. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் உங்கள் அத்தை என் குறட்டையைக் கேட்காமல் இருக்கப் பழகியது போல நானும் அதைப் பார்க்காமல் இருக்கப் பழகிவிட்டேன். அந்த நேரம் பார்த்து ஒரு பல் டாக்டரம்மா வந்தார்கள். புது கிளினிக் கட்டுகிறார்களாம், முதலில் ஒரு அலமாரி செய்து காட்டுங்கள், பிடித்திருந்தால் கிளினிக்கின் மொத்த மரவேலையும் உங்களுக்கே என்றார்கள். அது கிடைத்தால் பட்டறைக்கு இந்த வருஷம் கவலையில்லை. கிடைக்காவிட்டால் புதிதாகச் சேர்ந்திருக்கும் தச்சரை வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்ல வேண்டியதுதான். இடுப்பில் எப்போதும் அளவு டேப் தொங்குவதால் அவருக்கு டேப்பு என்றே பேர். நான் வெள்ளையில் நான்கு கதவு அலமாரி ஒன்றை ஆசையாக வரைந்தேன். இந்த லேப்டாப்பில்தான் நெட் பிடிக்காதே, என் வழக்கப்படி திரையைப் போனில் போட்டோ எடுத்து டாக்டரம்மாவுக்கும் டேப்புக்கும் அனுப்பினேன். நல்லா இருக்கு, செய்யுங்க என்று அந்த அம்மாவிடமிருந்து பதிலும் வந்தது. நான் மரம் எடுக்க வெளியூர் போய்விட்டேன்.

திரும்பி வந்து பார்த்தால் அலமாரி ஜோராக நிற்கிறது. மூன்றாவது கதவில் மேலிருந்து கீழாகக் கருப்புப் பட்டை.

“என்னய்யா இது?”

“நீங்க அனுப்புன படத்துல இருக்கே முதலாளி. இதே கருப்பு கிடைக்காம எத்தனை கடை ஏறி இறங்குனேன் தெரியுமா?”

அவரைக் கூட்டிப்போய் லேப்டாப்பைக் காட்டினேன். திரையில் உங்கள் பிள்ளையின் படம், மூக்குக்கு நேராகக் கோடு. டேப்பு அதையும் என் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, “இது நோவுன்னு முதல்லயே சொல்லக் கூடாதா?” என்றார். நியாயம்தான். அன்றைக்கே வேறு வேலையெல்லாம் தள்ளிவைத்து, சுத்த வெள்ளையில் புதுக் கதவு செய்து மாட்டினோம். கோடு போட்ட கதவை அறுத்து ஸ்டூலுக்குப் பலகையாக்கிவிட்டோம், சாட்சி இருக்கக் கூடாது பாருங்கள். டாக்டரம்மா இன்று சாயங்காலம் பார்க்க வருகிறார்கள்.

ஆகவே மாப்பிள்ளை, நீங்களே பார்த்து ஒரு நல்ல லேப்டாப் வாங்கி அனுப்புங்கள். பெருமைக்கு எதுவும் வேண்டாம், திரை சுத்தமாக இருக்க வேண்டும், எட்டு இருக்க வேண்டும். சொல்லிக்கொடுக்க நீங்கள் வாருங்கள். சொல்லிக்கொடுக்கும்போது உங்கள் வீட்டம்மா அந்த அறையில் இருக்கக் கூடாது. இனி என் மனசு மாறாது.

பேரனுக்கு என் முத்தம். நீங்கள் எல்லோரும் நோய்நொடி இல்லாமலும், வாங்குகிற சாமான் எதுவும் கெட்டுப்போகாமலும் நீண்ட காலம் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
முடிவில் அசையாத உங்கள் மாமா

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் டாக்டரம்மா வந்துவிட்டார்கள். எல்லாக் கதவையும் திறந்து மூடிப் பார்த்தார்கள். “வேலை சுத்தமா இருக்கு. ஆனா நடுவுல ஒரு கருப்புக் கோடு வருமே, அது எங்கே? அதுக்காகத்தானே நான் சரின்னு சொன்னேன்” என்றார்கள். டேப்பு, மகராசன், “அதைக் கடைசியாத்தான் ஒட்டுவோம் மேடம்” என்று சொல்லிக் காப்பாற்றிவிட்டார். மொத்த வேலையும் நமக்கே. ஆனால் ஒவ்வொரு அறைக்கும் கோடு வேறு மாதிரி வர வேண்டுமாம், அதை வரைந்தவரே வரைய வேண்டுமாம். ஆகையால் லேப்டாப் வாங்கிவிடாதீர்கள். வரவேற்பறைக்கு இரண்டு கோடு கேட்கிறார்கள். இரண்டாவது எப்போது விழும் என்று திரையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருக்கிறேன்.