காலுக்குக் கீழே மாப்பிள்ளை

டுசல்டோர்ஃப் நகரில் அந்த நாட்களில் கலியாணம் கட்டிய தமிழர்களில், சுரங்கத்தாரின் வீடியோவில் அகப்படாமல் தப்பியவர் எவருமே இல்லை. தப்பியதாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒன்றில் அவர் பொய் சொல்கிறார், அல்லது அவருக்கு இன்னும் கலியாணம் ஆகவில்லை.

சுரங்கத்தாருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். நான் கேள்விப்பட்டதில்லை. கலியாணம், சாமத்தியவீடு, பிறந்தநாள் என்று எதற்கும் ஒரே சாம்பல் நிறக் கோட்டோடு கமராவைத் தூக்கிக்கொண்டு வரும் அந்தக் கட்டையான மனிதரை, முதுகுக்குப் பின்னால் எல்லோரும் சுரங்கத்தார் என்றார்கள். முகத்துக்கு நேரே ‘அண்ணை’.

பெயருக்குக் காரணம் எங்கள் ஊர்த் தெரு ஒன்று. பழைய நகரத்துக்கும் ரைன் நதிக்கும் நடுவே முன்பு பெருந்தெரு ஓடியது. லொறியும் காரும் இடைவிடாமல் போகும். ஆற்றைப் பார்க்க ஆசைப்பட்டு வந்தவருக்குத் தெருவைக் கடப்பதற்குள் அந்த ஆசையே விட்டுப்போகும். பிறகு நகரசபைக்காரர் பெரிய பள்ளம் தோண்டி, தெருவை அப்படியே நிலத்துக்கு அடியில் இறக்கிவிட்டார்கள். அதன் பிறகு அந்தக் கரை மூன்று தட்டாயிற்று. அடியில் கார்கள் ஓடும் சுரங்கம். அதன் கூரைக்கு மேலே, அலைபோலக் கல் பதித்து, வரிசையாக மரம் வைத்து, சனங்கள் உலாவும் மேல் தட்டு. அங்கிருந்து அகலமான படிகளில் இறங்கினால், தண்ணீரோடு ஒட்டியபடி, படகு கட்டும் கீழ்த் தட்டு.

சுரங்கத்தார் அகதியாக வந்த புதிதில் பழைய நகரத்து உணவகம் ஒன்றில் கோப்பை கழுவினார். ஓய்வு கிடைத்தால் மற்றவர்கள் சிகரெட் பற்றவைப்பார்கள். இவர் பள்ளத்தின் விளிம்பில் போய் நிற்பார். எங்கேயோ ஒரு பழைய கமரா வாங்கி, பள்ளத்தைப் படம் எடுக்கத் தொடங்கினார். வருடக்கணக்காக அதைத் தவிர வேறு எதையும் எடுக்கவில்லை. பள்ளத்தை மூடிச் சுரங்கம் திறந்தபோது ஊரே கொண்டாடியது. இவருக்கு மட்டும் தொழில் போய்விட்டது. அந்தச் சோகத்தில்தான் அவர் கலியாணங்களுக்கு வந்தார் என்பது என் கணிப்பு.

வந்தவர் தெருவை விட்டுவிட்டு வரவில்லை. என் சிநேகிதி ஒருத்தி பெரியபிள்ளையானபோது நடந்த சாமத்தியவீட்டு வீடியோவில், மாமிமார் தட்டங்களைத் தூக்கிக்கொண்டு வரிசையாக வருவார்கள். அடுத்த காட்சியில் ஒரு பாரந்தூக்கி, கொங்கிறீட் பாளத்தைத் தூக்கும். மறுபடி மாமிமார். மறுபடி பாரந்தூக்கி. இரண்டுக்கும் ஒரே நாதஸ்வரம். சிநேகிதியின் தாயார் கேட்டதற்கு, இரண்டும் தூக்குகிற வேலைதானே என்று சுரங்கத்தார் சாந்தமாகப் பதில் சொன்னாராம்.

ஸ்டுட்கார்டிலிருந்து வந்த மாப்பிள்ளை ஒருவரை, சரக்குக் கப்பல் ஒன்று பின்னால் வந்து சேரும்வரை கீழ்த் தட்டிலிருந்து மேல் தட்டுக்குப் படியேறச் சொல்லி, திரும்ப இறக்கி, திரும்ப ஏற்றியிருக்கிறார். அன்று மாலை வரவேற்பில் மாப்பிள்ளை கதிரையை விட்டு எழும்பவில்லை. மரியாதை தெரியாதவர் என்று பெண்வீட்டார் இன்றைக்கும் குறை சொல்கிறார்கள்.

இன்னொரு தம்பதியைச் சுரங்கத்துக்குள் காரில் விரட்டியதில், வேகம் பிடிக்கும் கமரா பளிச்சென்று வெட்டியது. தண்டக் கடிதத்தோடு வந்த படத்தில் மாப்பிள்ளை தலைப்பாகையோடு வாயைப் பிளந்தபடி இருந்தார். சுரங்கத்தார் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, நல்ல கை, நானே இப்படி எடுத்திருக்க மாட்டேன் என்று பாராட்டினார்.

இதெல்லாம் தெரிந்திருந்தும் என் கலியாணத்துக்கு அப்பா அவரைத்தான் பிடித்தார். வேறு ஆள் இல்லை. ஒரு நிபந்தனை மட்டும் போட்டார். ஆற்றங்கரை கூடாது. தாலி கட்ட முன்னர் மாப்பிள்ளையும் பெண்ணும் கரையில் சந்திப்பது முறையில்லை.

சுரங்கத்தார் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பிறகு சொன்னார்:

“சந்திச்சாத்தானே அண்ணை குற்றம். பொம்பிளை மேல் தட்டு, மாப்பிள்ளை கீழ்த் தட்டு. இடையில மதில் நிக்குது.”

அப்பா அந்த மதிலை மனசுக்குள் அளந்து பார்க்கத் தொடங்கினார். அந்த இடைவெளியில் காரியம் முடிந்துவிட்டது.

தை மாதக் கலியாணம். அந்தக் கிழமை முழுக்க மழை. கலியாணத்தன்று காலையில் நாங்கள் போய்ப் பார்த்தால் கீழ்த் தட்டைக் காணவில்லை. ஆறு அதை விழுங்கிவிட்டு, படிகளிலும் ஏறிக்கொண்டிருந்தது. அப்பாவின் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. சுரங்கத்தார் தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கீழ்த் தட்டு ஏலாது என்றால் அதற்கும் கீழே ஒரு தட்டு இருக்கிறது என்றார். பொன் என்ற ஜெர்மன் நகரத்திலிருந்து வந்து விடுதியில் தங்கியிருந்த மாப்பிள்ளைக்குத் தொலைபேசி எடுத்தார். மாப்பிள்ளைத் தோழன் காரை ஓட்ட, சுரங்கத்தால் போய், அப்படியே மண்டபத்துக்குப் போகச் சொன்னார். பிறகு என்னிடம் வந்து குளிர்க்கோட்டைக் கழற்றச் சொன்னார்.

“பிள்ளை, மாப்பிள்ளை இப்ப உங்கட காலுக்குக் கீழால போவார். போகேக்க நீங்கள் கொஞ்சம் வெக்கப்படோணும்.”

பட்டுச்சேலையில் பற்கள் கிடுகிடுக்க, கல் பதித்த தரையைப் பார்த்து நான் வெட்கப்பட்டேன். நாயோடு உலாவ வந்த ஜெர்மன்காரர் ஒருவர் நான் அப்படி எதைப் பார்க்கிறேன் என்று தானும் நாயுமாகக் குனிந்து பார்த்தார். காணாது, இன்னும் வெட்கம் வேணும் என்றார் சுரங்கத்தார்.

அப்போதுதான் மண்டபத்திலிருந்து அப்பாவுக்கு அழைப்பு வந்தது. மாப்பிள்ளை இன்னும் வந்து சேரவில்லையாம். ஐயர் நேரத்தைப் பார்க்கிறாராம். அப்பா மாப்பிள்ளையின் கைத்தொலைபேசிக்கு எடுத்தார். “மாமா, நாங்கள் பாலத்தில...” என்றது குரல். பிறகு தொடர்பு அறுந்தது. திரும்ப எடுத்தார். “மாமா, இப்ப சுரங்கத்துக்கு...” அவ்வளவுதான். அடுத்தது மண்டபத்திலிருந்து மாப்பிள்ளையின் பெரியம்மா. அழுதபடி, பெடியன் மனம் மாறிவிட்டானோ தெரியவில்லை, எங்கள் மானத்தைக் காப்பாற்றுங்கோ என்றார். பெரியம்மா அதை மண்டபத்தில் நின்று சொன்னதால், அங்கே எத்தனை பேர் கேட்டிருப்பார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

எனக்கு மாப்பிள்ளையை அதுவரை நாலைந்து தரம் பார்த்த பழக்கம்தான். ஓடிப்போகிறவர்போலத் தெரியவில்லை. ஆனால் ஓடிப்போகிறவர்கள் எப்படி இருப்பார்கள் என்றும் எனக்குத் தெரியாது. அப்பா மரத்தில் சாய்ந்துவிட்டார். என் கண்ணில் தண்ணீர் வந்ததை நான் துடைக்கவில்லை. துடைத்தால் மை பரவும்.

சுரங்கத்தார் கமராவிலிருந்து கண்ணை எடுத்தார். பாலம், சுரங்கம், பாலம், சுரங்கம் என்று முணுமுணுத்தார். பிறகு, “ஓடேல்லைப் பிள்ளை. சுத்துறார்,” என்றார்.

சுரங்கத்துக்குள் பாலத்துக்கு ஏறும் கிளை ஒன்று உண்டு. தோழன் தெரியாமல் அதில் ஏறி, ஆற்றைக் கடந்து அக்கரைக்குப் போய், மற்றப் பாலத்தால் திரும்பி வந்து, பழையபடி சுரங்கத்துக்குள் நுழைந்து, அதே கிளையில் ஏறிக்கொண்டிருந்தான். அப்பாவின் தோளில் கிடந்த பட்டுச் சால்வையை இழுத்தெடுத்த சுரங்கத்தார், கமராவை முக்காலியில் விட்டபடியே ஓடினார். அந்த உருவம் அப்படி ஓடும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். நடைபாதையை விட்டுக் கார் ஓடும் தெருவில் இறங்கினார், பாலத்தடிக்குப் போனார், சுரங்க வாசலில் நின்று ரயில் மறிப்பவர்போலச் சால்வையை வீசினார். ஜெர்மன்காரர்கள் ஹோர்ன் அடித்தார்கள். ஒருவர் பைத்தியமா என்று நெற்றியைத் தட்டிக் காட்டிவிட்டுப் போனார். நாலாவதோ ஐந்தாவதோ தரம் வந்த மாப்பிள்ளையின் கார், கடைசியில் அவர் முன்னால் கிறீச்சிட்டு நின்றது.

முன்கதவைத் திறந்து ஏறிக்கொண்ட அவர், இனி நான் சொல்லுற பக்கம் மட்டும் திருப்பு என்று தோழனுக்குக் கட்டளையிட்டாராம். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் சுரங்கத்துக்குள் போகாத ஒரு பாதையைத் தேர்ந்தெடுத்தார். நாங்கள் எங்கள் காரில் பறந்தோம். முகூர்த்தம் முடியக் கொஞ்சம் இருக்க எல்லோரும் மண்டபத்தில் இருந்தோம். பெரியம்மா மாப்பிள்ளையின் கையைப் பிடித்தவர், தாலி கட்டும்வரை விடவில்லை.

கமரா ஆற்றங்கரையில் நின்றது. ஒருவருக்கும் நினைவில்லை.

வெள்ளத்தால் படகு ஓடாமல் வேலையற்றிருந்த டிக்கெட் விற்கும் அம்மா ஒருவர், பின்னேரம்வரை அதற்குக் காவல் நின்றிருக்கிறார். பல மாதம் கழித்துச் சுரங்கத்தார் வீடியோவைக் கொண்டு வந்தார். நாங்கள் எல்லோரும் வரவேற்பறையில் கூடியிருந்து பார்த்தோம். நான் வெட்கப்பட்டேன். சுரங்கத்தார் ஓடினார். பிறகு ஆறு. நீண்ட நேரம் ஆறு. இடையில் அந்த அம்மா கமராவுக்குள் எட்டிப் பார்த்து, இது வேலை செய்கிறதா என்று கேட்டு, தலைமயிரைச் சரிசெய்து, கையசைத்தார். அதற்கு நாதஸ்வரம் போட்டிருந்தது. அடுத்ததாகச் சனம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அதைத் தோழனின் சின்னக் கமராவில் யாரோ எடுத்திருந்தார்கள்.

அப்பா எழுந்து நின்று தாலி எங்கே என்று கேட்டார்.

“தாலி வரேல்லை அண்ணை,” என்றார் சுரங்கத்தார். “ஆனா ஆறு நல்லா வந்திருக்கு.”

அப்பா அதன் பிறகு நெடுநாள் அவரோடு கதைக்கவில்லை. தாலி கட்டாத கலியாணம் என்று என் கணவரின் வீட்டில் இன்றைக்கும் பகிடி பண்ணுவார்கள். அப்போது எனக்கு நினைவுக்கு வருவது வேறு. மேளம் உச்சத்துக்குப் போய், தாலி என் கழுத்தில் ஏறிய அந்த நேரத்தில் நான் நிமிர்ந்து பார்த்தேன். எல்லோருக்கும் முன்னால், வேர்த்து ஒழுகிய சாம்பல் நிறக் கோட்டோடு, அந்த மனிதர் இரண்டு கையாலும் அறுகரிசியை அள்ளி அள்ளி எங்கள் மேல் போட்டுக்கொண்டு நின்றார். கமரா இல்லாத அவருடைய முகத்தை அன்றுதான் முதலில் கண்டேன். அது அழுதுகொண்டிருந்தது.