பம்பு வைத்த பார்வையாளர் மையம்

நெய்வேலி,
ஞாயிற்றுக்கிழமை.

கடலோரப் பூங்காவின் படகோட்டியும், என் அம்மாவுக்கு ஒரே தம்பியுமான சோமசுந்தரம் மாமா அவர்களின் சமூகத்துக்கு, அக்கா மகன் அன்புச்செல்வன் துடுப்பு இருக்கும் திசை நோக்கி வணங்கி எழுதுவது.

இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில், எங்கள் குவார்ட்டர்ஸில் மூன்று ஆண்டுகளாகப் பரண்மேல் சேவையாற்றிய ஃபிரிட்ஜ் அட்டைப்பெட்டி பணி ஓய்வு பெற்று, சென்ற திங்கள் முதல் பார்வையாளர் மையமாகப் பொறுப்பேற்றது. வீட்டில் எல்லோரும் நலம். பெட்டி மட்டும் கொஞ்சம் ஈரம்.

விஷயத்துக்கு வருகிறேன். பள்ளிக் கண்காட்சிக்கு, மரம், நண்டு, பறவை எதையும் தொந்தரவு செய்யாமல் கடலோரப் பூங்காவுக்கு ஒரு பார்வையாளர் மையம் வடிவமைக்கச் சொன்னார்கள். ஆளுக்கொரு மாடல். கேட்டதும் உங்கள் வாக்குதான் ஞாபகம் வந்தது: "ஏதாச்சும் ஒரு போட்டியில ஜெயிச்சிட்டு வாடா, துடுப்ப உன் கையில குடுத்துட்டு நான் கால நீட்டிக்கினு உக்கார்றேன்." விடுவேனா! கட்டடம் மேலே நின்றால் கொக்கு மிரளும் என்று கட்டடத்தையே பூமிக்குள் இறக்கிவிட்டேன். இருபதடிப் பள்ளம், கண்ணாடிச் சுவர், அந்தப் பக்கமிருந்து நண்டு நம்மை வேடிக்கை பார்க்கும். தண்ணீர் உள்ளே வராதா என்பீர்கள். நெய்வேலிப் பிள்ளையிடம் கேட்கிற கேள்வியா மாமா இது? அப்பா சுரங்கத்தில் பம்பு பார்க்கிறவர். தண்ணீர் வந்தால் இறைக்க வேண்டியதுதானே! அப்பா ஷிஃப்ட் முடித்து வந்து சட்டைகூடக் கழற்றாமல் என் படத்தைப் பார்த்தார். "நாலு பம்பு பத்தாதுடா, ஸ்டாண்ட்பை ரெண்டு போடு" என்றார். போட்டேன்.

என் வகுப்பு எழில்மதி, அடுத்த பிளாக், வந்து பார்த்துவிட்டு, "ஏண்டா, ஆறு பம்பு கத்திக்கினு இருந்தா எந்தக் கொக்குடா வரும்? மரத்துக்கு வேண்டிய தண்ணியையும் சேத்து உறிஞ்சிடுவ போல" என்றாள். "உனக்குப் பொறாமை" என்றேன். "ஆமா, உன் அட்டப்பொட்டிய பாத்து" என்றாள். அவள் மாடல் என்ன தெரியுமா? நாலு கம்பு நட்டு மேலே ஒரு கொட்டகை, பனையோலைக் கூரை, கீழே தண்ணீர் தன்பாட்டுக்கு வந்து போகும். பரண், மாமா, வெறும் பரண்!

கண்காட்சியில் நடுவர் அருள்மொழி மேடம், கடல் ஏறினால் என்ன ஆகும் என்று பார்க்க, ஒவ்வொரு மாடலின் மணல் தொட்டியிலும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டு, எதிரே நாற்காலியில் உட்கார்ந்து கவனித்தார். என் முறை. பம்புக்குப் பதிலாக வைத்திருந்த மீன்தொட்டி மோட்டாரைப் போட்டேன். மேடம் நாற்காலியை விட்டு எழுந்தே நின்றுவிட்டார்! கூட்டம் கைதட்டியது. சாயங்காலம் எங்கள் வகுப்புக்கு முதல் பரிசு! வரும் சனிக்கிழமை, ஜெயித்த மாடலோடு உங்கள் பூங்காவுக்கே வருகிறோம். துடுப்பைத் துடைத்து வையுங்கள்.

அத்தைக்கு வணக்கம், பாப்பாவுக்கு முத்தம், உங்கள் படகில் ஓட்டை விழாதிருக்க ஒரு வேண்டுதல்.

இப்படிக்கு,
வருங்காலப் படகோட்டி
அன்புச்செல்வன்

பி.கு: அம்மா இதைப் படித்துவிட்டு, "மீதியையும் எழுதுடா" என்று முதுகுக்குப் பின்னால் நிற்கிறாள். எழுதுகிறேன். மேடம் எழுந்தது, மோட்டார் தண்ணீர் அவர் மடியில் பாய்ந்ததால். இறைத்த தண்ணீர் எங்கே போகும் என்று நானும் யோசிக்கவில்லை, அப்பாவும் யோசிக்கவில்லை. அட்டைப்பெட்டி ஊறி அங்கேயே உட்கார்ந்துவிட்டது. பரிசு அந்தப் பரணுக்குத்தான். சனிக்கிழமை அதைத் தூக்கிக்கொண்டு வரும் ஆள் நான். துடுப்பை எழில்மதியிடமே கொடுத்துவிடுங்கள் மாமா. படகில் தேங்கும் தண்ணீரை இறைக்க ஒரு டப்பா வைத்திருப்பீர்களே, எனக்கு அது போதும். ஸ்டாண்ட்பையாக அப்பாவும் வருகிறார்.