பாய்லர் வீட்டுத் திருவிருந்து

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மண்கூடை சுமந்து மேஸ்திரியானேன். மௌலா அலிப் பாறையை உடைத்து ரயில்வே வீடுகள் கட்டினேன். காலரா வந்து ஆட்கள் ஓடியபோதும் தண்ணீர்த் தொட்டியை முடித்தேன். செகந்திராபாத் தமிழ்ச் சபையின் கோயிலுக்கு மணிக்கூண்டு எழுப்பியதும் நான்தான். அந்த மணியைவிடச் சத்தமானவர் நிஜாம் சீமையில் ஒருவர்தான். அவர் பாய்லர்.

பட்டறையில் எஞ்சின் பாய்லருக்குள் உட்கார்ந்து ஆணி அடித்தே காது போனவர். அவர் ரகசியம் சொன்னால் ஸ்டேஷனில் போர்ட்டர் திரும்பிப் பார்ப்பான். ஞாயிறுதோறும் கோயிலுக்கு வெளியே, ஜன்னலடியில் நின்று பாடுவார். உள்ளே பாட்டு முடியும்போது இவர் பல்லவியில் இருப்பார். சபையே தடுமாறும்.

"உள்ள வாரும், இல்லாட்டி வாய மூடும்!" என்று பாதிரி ஐயர் ஜன்னலைத் தட்டுவார்.

"நக்கோ, வேணாம் ஐயரே! நான் கும்புடுறவரு வெயில்லயும் நிப்பாரு!"

எங்கள் கோயிலில் திருவிருந்தின் திராட்சைரசக் கிண்ணம் சாதி வரிசையில்தான் வரும். முன்பெஞ்சு குடித்த பிறகே பின்பெஞ்சு. ஒருநாள் பாய்லரின் மனைவி எஸ்தரம்மா மயக்கமாக இருக்கிறதென்று முந்திப்போய் மண்டியிட்டார். ஐயரும் கவனிக்காமல் கொடுத்துவிட்டார். பக்கத்திலிருந்த கமிட்டிப் பெரியவர், "வேற கிண்ணம் எடுங்க" என்றார். எடுத்தார்கள். பாய்லர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தார். அன்று முதல்தான் அந்த ஜன்னலடி.

பிறகு எஸ்தரம்மா காசநோயில் படுத்தார். கடைசியாக ஒருதரம் திருவிருந்து வேண்டும் என்பதே ஒரே ஆசை. நான் ஐயரைக் கூப்பிடப் போனேன்.

"கோயில விட்டு நடந்ததுக்குக் கமிட்டிகிட்ட பாய்லர் மன்னிப்புக் கேட்கட்டும், வர்றேன்."

பாய்லர் போனார். தனக்காகப் போகவில்லை, மனைவிக்காக. "தப்புதான், மன்னிச்சிடுங்க!" என்றார். அவருக்கு வரும் மெல்லிய குரலே அதுதான். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. "மிரட்டுறான்" என்று கமிட்டி எழுந்து போய்விட்டது.

வீட்டிலேயே திருவிருந்து வைக்கப் பாய்லர் ஈரானிக் கடை ரொட்டி வாங்கினார். திராட்சை கிடைக்காமல் மாதுளை பிழிந்தார். "நீ ஜெபம் பண்ணு மேஸ்திரி. என் கொரலு அவளுக்குத் தலவலி."

எனக்கு ஜெபம் பாதிதான் தெரியும். மீதியை நானே கட்டினேன். டம்ளரை நீட்டினால் எஸ்தரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"முன்பெஞ்சுக்காரங்க எல்லாம் குடிச்சிட்டாங்களா?"

"ஆச்சும்மா. இப்ப நீங்கதான்."

குடித்தார்.

"இன்னா சொன்னா?" என்று பாய்லர் என் முகத்தைப் பார்த்துக் கத்தினார்.

"ஆமென்னு சொன்னாங்க" என்று அவர் காதருகே நானும் கத்தினேன். சாகும்வரை அதைச் சொல்லிச் சொல்லியே பாய்லர் சந்தோஷப்பட்டார்.

அவர் கதையை யார் வேண்டுமானாலும் சொல்லட்டும். ஆனால் அந்த ஆமென் என்னுடையது. அதை என் பேரில் எழுதுங்கள்.