குதிரைகள் நிழலில் நிற்கும்

மனித குலம் எட்டிய உயரங்களில் எல்லாம் உயரமானது எது என்று அறிஞர்கள் வீணாக அடித்துக்கொள்கிறார்கள். அந்தப் பழைய மாளிகையின் பின்பக்கம் போய்க் குதிரை லாயத்தை ஒரு தடவை எட்டிப் பார்த்திருந்தால் சண்டை அங்கேயே முடிந்திருக்கும். நான்கு குதிரைகள், நான்கு மின்விசிறிகள். தண்ணீர்த் தொட்டியில் ஐஸ் கட்டி மிதக்கும். சுவரில் கண்ணாடி போட்ட சட்டத்துக்குள் 'குதிரை நல்வாழ்வு விதிகள்' மாட்டியிருக்கும்.

விதிகளை எழுதிய பெருமை மாளிகை அறக்கட்டளையின் துணை மேலாளரைச் சேரும். அவருடைய பதவிக்குப் பக்கத்தில் பல வருடமாக 'தற்காலிகம்' என்று போட்டிருந்ததால், அலுவலகத்தில் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. "தற்காலிகம் வந்தாச்சா?" "இப்பதான் சாப்பிடப் போச்சு." அவரும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டார்.

நிரந்தர ஊழியர்களுக்குத் தோட்டத்து ஓரமாக வீடு உண்டு. தற்காலிகத்துக்கு ஏது? கல்யாணமான நாளிலிருந்து அவர் மாமனார் வீட்டில், துணி துவைக்கிற மெஷின் இருக்கும் அறையில் குடித்தனம் நடத்தினார். மாமனார் தங்கமான மனிதர். மாப்பிள்ளையை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. மெஷினை மட்டும் விடிவதற்கு முன்னால் போட்டுவிடுவார்.

இந்த நிலையில்தான் வருடாந்திரக் குதிரை வண்டி விழா வந்தது. அறக்கட்டளையின் தலைவி அவரைக் கூப்பிட்டு, "விழா ஒரு குறையும் இல்லாம முடிஞ்சா, உங்களை நிரந்தரம் பண்றதைப் பத்திக் கமிட்டியில பேசலாம்" என்றார். 'பேசலாம்' என்பதை அவர் வீட்டுக்குப் போய் மனைவியிடம் 'பண்ணிடுவாங்க' என்று சொன்னார். மனைவி அன்றைக்கே புது வீட்டுக்குத் திரைச்சீலை எந்த நிறத்தில் வாங்குவது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.

விழாவுக்கான செலவு முழுக்க ஒரு கொடையாளருடையது. வாயில்லா ஜீவன் என்றால் உருகிப்போகிறவர். குதிரை தும்மினால் இவர் கைக்குட்டையைத் தேடுவார். குதிரைகளைக் காப்பாற்ற முறையான விதிகள் இல்லாவிட்டால் விழாவே வேண்டாம் என்று அவர் சொல்லிவிட, விதிகளைச் சாயங்காலத்துக்குள் எழுதித் தரச் சொல்லித் தலைவி வேலையைத் தற்காலிகத்தின் தலையில் கட்டினார்.

தற்காலிகத்துக்குக் குதிரையைப் பற்றித் தெரிந்ததெல்லாம், அதன் பின்னால் நிற்கக் கூடாது என்பதுதான். அவருடைய மேஜை சாமான் அறைக்கும் கழிவறைக்கும் நடுவே இருக்கும். மதியத்தில் வெயில் நேராக முகத்தில் விழும். அங்கே உட்கார்ந்து பேனாவைக் கடித்தார். பிறகு, ஒரு ஜீவன் நிம்மதியாக வேலை பார்க்க என்னவெல்லாம் வேண்டும் என்று தனக்குத் தோன்றியதை எழுதினார். கடும் வெயிலில் வேலை வாங்கக் கூடாது. ஒவ்வொரு சுற்றுக்கும் பிறகு ஓய்வு தர வேண்டும். குடிக்கக் குளிர்ந்த தண்ணீர் வேண்டும். உடம்புக்கு முடியாவிட்டால் உடனே மருத்துவர் வர வேண்டும். மற்றவர்கள் முன்னால் அதட்டக் கூடாது. வயதான பின் கைவிடக் கூடாது. எழுதி முடித்ததும் அவரே இன்னொரு தடவை ஆசையாகப் படித்துப் பார்த்தார்.

லாயத்தைப் பார்த்துக்கொள்ளும் குதிரைக்காரர் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "மத்தவங்க முன்னாடி அதட்டக் கூடாதுன்னு போட்டிருக்கீங்களே சார், குதிரை அதையெல்லாம் மனசுல வச்சுக்குமா?"

"வச்சுக்கும்," என்றார் தற்காலிகம். "வெளிய சொல்லாது."

கமிட்டி எழுந்து நின்று கைதட்டி விதிகளை நிறைவேற்றியது. கொடையாளர் இரண்டு கைக்குட்டைகளை நனைத்தார். மின்விசிறி அவருடைய திருத்தம்.

விழா நாளன்று வெயில் மண்டையைப் பிளந்தது. புல்வெளி நிறைய ஜனம். பேண்டு வாத்தியக்காரர்கள் வாசித்துக்கொண்டிருந்தார்கள். கொடையாளர் தம் மனைவி, மைத்துனர் சகிதம் பெரிய வண்டியில் ஏறி உட்கார்ந்து கையசைக்கவும் தொடங்கிவிட்டார். அப்போது கால்நடை மருத்துவர் லாயத்தின் வெப்பமானியைப் பார்த்துவிட்டு வந்து, "சூடு சிவப்புக் கோட்டைத் தாண்டிடுச்சு. விதிப்படி குதிரை பூட்டக் கூடாது" என்றார்.

தலைவியின் முகத்தில் ஈயாடவில்லை. "விதியை எழுதினது யாரு?" என்றார். எல்லோரும் ஒரே பக்கம் திரும்பினார்கள். தற்காலிகம் ஓரடி பின்னால் நகர்ந்தார். திரைச்சீலையெல்லாம் கண்ணெதிரே கழன்று விழுந்தது.

ஆனால் தலைமை என்பது சும்மா வருவதில்லை. தலைவி கண்ணை மூடி யோசித்தார். திறந்தபோது வழி பிறந்திருந்தது.

"சுவரொட்டியில என்ன போட்டிருக்கோம்? குதிரை வண்டி விழா. குதிரை இருக்கா?"

"லாயத்துல இருக்கு மேடம்."

"வண்டி?"

"இதோ நிக்குது."

"அப்புறம் என்ன? குதிரைதான் இழுக்கும்னு நாம யாருக்காவது வாக்கு குடுத்தோமா? நம்ம ஊழியர்கள் இழுப்பாங்க. விருப்பப்பட்டவங்க முன்னாடி வாங்க."

நிரந்தர ஊழியர்கள் அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் முதுகுவலி வந்தது. முன்னால் வந்தவர்கள் நான்கு பேர்: துணை மேலாளர், வாசல் காவலாளி, டிக்கெட் கொடுப்பவர், தோட்டக்காரர். நால்வரும் தற்காலிகம். குதிரைகளுக்கென்று தைத்த தோல் வார்களை அவர்கள் மார்பில் மாட்டினார்கள். குதிரைத் தலையில் செருகுகிற சிவப்பு இறகுக் கொத்தை என்ன செய்வது என்று கேட்டார்கள். "வீணாக்க வேண்டாம்" என்றார் தலைவி.

வண்டி நகர்ந்தது. கூட்டத்தில் மாமனார், சொந்தக்காரர்கள் புடைசூழ நின்றுகொண்டிருந்தார். மாளிகையை நிர்வாகம் செய்வதே தன் மாப்பிள்ளைதான் என்று சொல்லி அவர்களை அழைத்து வந்திருந்தார். முன்வரிசையில் இறகு ஆட ஆட வந்தவரை அடையாளம் தெரிந்துகொள்ள அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. சமாளித்துக்கொண்டு, "மொத்த மாளிகையும் அவர் தோள்லதான்னு நான் சொல்லலை?" என்றார்.

தற்காலிகம் குனிந்த தலை நிமிரவில்லை. அவமானம் பிடுங்கித் தின்றது. இந்த ஒரு சுற்று, மாளிகையைச் சுற்றி வந்துவிட்டால் வீடு, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே இழுத்தார்.

"குதிரைங்க எங்கப்பா இருக்கு?" என்று மேலேயிருந்து கொடையாளர் குரல் கேட்டது.

"நிழல்ல இருக்குங்கய்யா," என்றார் வண்டியோட்டி.

"அப்பாடா. இப்பதான் மனசு நிம்மதியா இருக்கு. கொஞ்சம் வேகமாப் போகச் சொல்லேன்."

மாளிகையின் பின்பக்கம் பாதை மேடாக ஏறும். லாயத்துக்கு நேர் எதிரே வந்ததும் தற்காலிகத்துக்குக் கண் இருட்டியது. கால் மடங்கி அப்படியே உட்கார்ந்து, சரிந்துவிட்டார். வண்டி நின்றது. மருத்துவர் பையோடு ஓடி வந்தார். பக்கத்தில் வந்ததும் சட்டென்று நின்றார்.

"இவர் மனுஷனாச்சே. நான் தொட்டா என் லைசென்ஸ் போயிடும்."

குதிரைக்காரர் தொட்டியிலிருந்து ஒரு செம்புத் தண்ணீர் மொண்டார். "அது குதிரைங்க தண்ணி," என்று தலைவி நினைவுபடுத்தினார். "கொடையாளர் பார்த்துட்டிருக்கார்." நான்கு குதிரைகளும் மின்விசிறிக் காற்றில் பிடரி பறக்க, கொஞ்சம் சங்கடத்தோடு வேறு பக்கம் பார்த்தன.

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ள, தற்காலிகம் பேசினார். "மேடம்... என்னையும் ஒரு குதிரையா சேர்த்துக்குங்க."

பொறுப்புள்ள நிர்வாகம் எந்த ஊழியரின் கோரிக்கையையும் தட்டிக்கழிப்பதில்லை. கமிட்டி அங்கேயே, நிழல் விழுந்த இடமாகப் பார்த்துக் கூடியது.

"வயசான பிறகும் வச்சுப் பார்த்துக்கணுமே, கட்டுப்படியாகுமா?" என்றார் பொருளாளர்.

"பார்த்தா அதிகம் சாப்பிடற ஆள் மாதிரி தெரியலை," என்றார் ஓர் உறுப்பினர்.

"குதிரைன்னு மட்டும் சொல்லுங்க, என் உயிரையே குடுக்கிறேன்," என்று வண்டியில் இருந்தபடியே கொடையாளர் மூக்கை உறிஞ்சினார்.

கீழே கிடந்தவருக்கு நம்பிக்கை வந்தது. தலைவியும் ஏறக்குறைய தலையசைத்துவிட்டார். பிறகு ஏதோ உறைத்தது போல நிறுத்தினார்.

"ஒரு நிமிஷம். இவரைக் குதிரைன்னு ஒத்துக்கிட்டா, இந்த வெயில்ல இவரை வண்டியில பூட்டக் கூடாதே."

கமிட்டி திகைத்துப்போனது.

"அப்ப வண்டியை யார் இழுக்கறது?"

எல்லோரும் கீழே கிடந்தவரையே பார்த்தார்கள். எனவே தீர்மானம் தெளிவாக அமைந்தது. துணை மேலாளர் மனிதரே. இன்று மட்டும் அல்ல, இனி வரும் எல்லா விழாக்களுக்கும் நிரந்தரமாக அவர் மனிதரே. எல்லோரும் கை தூக்கினார்கள்.

அதற்குள் மாமனார் கூட்டத்தை விலக்கி, வேலியைத் தாண்டி, மூச்சு வாங்க ஓடி வந்துவிட்டார். ஒன்றும் கேட்காமல் மாப்பிள்ளையின் தலையைத் தூக்கி மடியில் வைத்துத் தன் பாட்டில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினார். முகத்தைத் துண்டால் துடைத்தார். இவ்வளவு வருடத்தில் அவர் மாப்பிள்ளையைத் தொட்டது அதுவே முதல் தடவை. தற்காலிகத்துக்கு அழுகை வந்தது.

"கை தூக்கினாங்களே, நிரந்தரம் பண்ணிட்டாங்களா மாப்பிள்ளை?" என்று மெதுவாகக் கேட்டார் மாமனார்.

"பண்ணிட்டாங்க மாமா." தற்காலிகம் எழுந்து தோல் வாரைச் சரிசெய்துகொண்டார். "மனுஷனா."

"அப்ப வீடு?"

"அது குதிரைக்குத்தான் மாமா."